ஒரு நோட்டு, ஒரு காலண்டர்: வேலைகளைத் தவறவிடாமல் நடத்த ஒரு நடைமுறை

வேலை தவறிப்போனால் மறதியைத்தான் திட்டுகிறோம். பெரும்பாலும் பாவம், மறதிக்கு அதில் பங்கில்லை. வேலைகள் ஐந்து இடத்தில் சிதறிக் கிடக்கின்றன. மேலாளர் சொன்னது வாட்ஸ்அப்பில், கரண்ட் பில் தேதி குறுஞ்செய்தியில், பிள்ளையின் பள்ளிக் கட்டணம் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய சீட்டில், அம்மாவின் ரத்தப் பரிசோதனை தலைக்குள், பிளம்பர் எண் சட்டைப்பையில் மடங்கிக் கிடக்கும் பில்லின் பின்பக்கத்தில். இவை எல்லாவற்றையும் தினமும் திரும்பிப் பார்க்க யாராலும் முடியாது.

வேலைக்குப் போய்க்கொண்டே வீட்டுப் பொறுப்பையும் புதிதாக ஏற்றுக்கொண்டவர்களுக்காக எழுதியது இது. செலவு 300 ரூபாய்க்குள் அடங்கும். அமைப்பதற்கு ஒரு விடுமுறை நாளில் நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள். அதன்பின் தினம் 10 நிமிடம், வாரம் ஒருமுறை 40 நிமிடம். கை பழக மூன்று நான்கு வாரம் ஆகும். முதல் வாரத்தில் இதுவே ஒரு கூடுதல் வேலையாகத் தோன்றும். பலர் விட்டுவிடுவது அந்த வாரத்தில்தான்.

1. என்ன வாங்க வேண்டும்

தையல் போட்ட, கோடு போட்ட 192 பக்க நோட்டு ஒன்று. பள்ளிப்பிள்ளைகளின் சிறிய நோட்டு அளவு போதும். கைப்பையில் நுழைய வேண்டும். 60 முதல் 100 ரூபாய்க்குள் கிடைக்கும். ஸ்பைரல் நோட்டு வேண்டாம். அதில் தாளைக் கிழிப்பது சுலபம். கிழித்த தாளோடு வேலையும் போய்விடும்.

தேதி அச்சிட்ட டைரியும் வேண்டாம். புத்தாண்டுக்கு நகைக்கடையிலும் வங்கியிலும் இலவசமாகக் கிடைக்கிறது என்பதால் பலர் அதில்தான் தொடங்குகிறார்கள். ஒரு நாளில் 25 வேலை வரும், அடுத்த நான்கு நாள் ஒன்றுமே இருக்காது. எழுதாமல் விட்ட பக்கங்களைப் பார்க்கப் பார்க்கக் குற்ற உணர்வு வரும், பிப்ரவரியில் டைரி பரணுக்குப் போய்விடும். சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் குறித்து வைப்பதும் ஆபத்து. நாளைக் கிழிக்கும்போது, அன்று முடிக்காத வேலையும் சேர்ந்து குப்பைக்குப் போகிறது.

இவற்றோடு ஒரு பெட்டி ஃபைல், உள்ளே இருப்பது தெரியும்படியான பிளாஸ்டிக் உறைகள் பத்து. ஒரு பேனாவை நோட்டிலேயே செருகி வையுங்கள். பேனா தேடும் அரை நிமிடத்தில்தான் ‘அப்புறம் எழுதிக்கலாம்’ என்ற எண்ணம் வருகிறது.

செயலி? முதல் மூன்று மாதத்துக்கு வேண்டாம். கைபேசியில் ஏற்கெனவே இருக்கும் காலண்டர் மட்டும் போதும். எந்தச் செயலி நல்லது என்று பத்து நாள் ஆராய்ந்து, அதில் நிறமும் தலைப்பும் போட்டு அழகுபடுத்துவதும் வேலை செய்வது போலவே இருக்கும். பட்டியலில் இருந்து ஒரு வரிகூடக் குறைந்திருக்காது.

2. காகிதங்களை எல்லாம் தரையில் பரப்புங்கள்

பலரும் தாண்டிப் போகும் படி இது. பெரிய அபராதங்கள் இங்கிருந்துதான் வருகின்றன. காலாவதித் தேதியோ கெடு தேதியோ உள்ள எல்லாக் காகிதத்தையும் ஒரே நேரத்தில் வெளியே எடுங்கள்: பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், வண்டியின் ஆர்.சி., வண்டிக் காப்பீடு, புகைச் சான்றிதழ், மருத்துவக் காப்பீடு, ஆயுள் காப்பீடு, வாடகை ஒப்பந்தம், சொத்து வரி ரசீது, வங்கி வைப்புச் சான்றிதழ், பள்ளிக் கட்டண அட்டை.

நோட்டின் கடைசி நான்கு பக்கங்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. மூன்று விவரம் வேண்டும்: காகிதத்தின் பெயர், முடியும் தேதி, தொடங்க வேண்டிய தேதி. காலண்டரில் ஏற வேண்டியது மூன்றாவதுதான். முடியும் தேதியில் மணி அடித்தால், மிஞ்சுவது பதற்றம் மட்டுமே. தொடங்கும் தேதியை எப்படி முடிவு செய்வது என்பதற்குச் சில:

பாஸ்போர்ட்: பெரியவர்களுக்குப் பத்தாண்டு செல்லும். காலாவதிக்கு ஓராண்டுக்கு முன்பிருந்தே புதுப்பிக்கலாம். பயணத் தேதியில் இருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும் என்று பல நாடுகள் கேட்பதால், பத்தாண்டுப் பாஸ்போர்ட் நடைமுறையில் ஒன்பதரை ஆண்டுதான். காலாவதிக்குப் பத்து மாதம் முன்பாகக் குறியுங்கள். 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குச் சாதாரணக் கட்டணம் 1,500 ரூபாய். தட்கலில் போனால் மேலும் 2,000. தள்ளிப்போட்டதன் விலை அந்த இரண்டாயிரம்.

ஓட்டுநர் உரிமம்: இதையும் ஓராண்டுக்கு முன்பே புதுப்பிக்கலாம். காலாவதியாகி ஓராண்டு தாண்டிவிட்டால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும். 40 வயதைக் கடந்தவர்கள் படிவம் 1ஏ-யில் மருத்துவச் சான்று வாங்க வேண்டும் என்பதால், ஆர்.டி.ஓ. அலுவலக நாளுக்கு முன் டாக்டரிடம் போகும் நாள் ஒன்றும் தேவை. இரண்டையும் தனித்தனி வரியாக எழுதுங்கள்.

வண்டிக் காப்பீடு: புது பைக் வாங்கும்போது ஐந்தாண்டுக் காப்பீடு எடுத்ததாக நினைத்துக்கொண்டிருப்போம். ஐந்தாண்டு என்பது மூன்றாம் நபருக்கான (நம் வண்டியால் பிறருக்கு ஏற்படும் இழப்புக்கான) பகுதி, காருக்கு மூன்றாண்டு. நம் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான பகுதி பெரும்பாலும் ஓராண்டில் முடிந்துவிடும். பாலிசித் தாளில் இரண்டு தேதிகள் இருக்கும், இரண்டையும் பாருங்கள். முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் இழப்பீடு கேட்காத வருடங்களுக்காகச் சேர்ந்த ‘நோ கிளெய்ம்’ தள்ளுபடியும் போய்விடும். 20 நாள் முன்பாகக் குறித்தால் போதும்.

மருத்துவக் காப்பீடு: புதுப்பிக்க மட்டும் என்றால் 30 நாள் முன்பு. வேறு நிறுவனத்துக்கு மாறும் எண்ணம் இருந்தால் ஒன்றரை மாதத்துக்கு முன்பே தொடங்க வேண்டிய வேலை, ஆகவே 60 நாள் முன்பு குறியுங்கள்.

வருமான வரி: சம்பளக்காரர்களுக்கு வழக்கமான கெடு ஜூலை 31. சம்பளத்தையும் அதில் பிடித்த வரியையும் காட்டும் படிவம் 16-ஐ அலுவலகம் கொடுக்க வேண்டியது ஜூன் 15-க்குள். காலண்டரில் ஜூன் 20 (படிவம் வந்ததா?), ஜூலை 5 (தாக்கல்) என்று இரண்டு குறிப்பு. கெடு தாண்டினால் தாமதக் கட்டணம் 5,000 ரூபாய் வரை. மொத்த வருமானம் ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் 1,000. இதில் ஒரு பொறி உண்டு. தாக்கல் செய்த 30 நாளுக்குள் இணையத்தில் சரிபார்ப்பும் முடிக்க வேண்டும். முடிக்காவிட்டால் உரிய நாளில் தாக்கல் செய்ததாக ஆகாது. அதனால் ‘தாக்கல் செய்ய’ என்ற வரிக்குக் கீழேயே ‘சரிபார்க்க’ என்று இன்னொரு வரி.

மற்றவை சுருக்கமாக. தமிழ்நாட்டில் மின்கட்டணம் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. கணக்கெடுத்த நாளில் இருந்து 20 நாளுக்குள் கட்ட வேண்டும். சென்னையில் சொத்து வரி அரையாண்டுக்கு ஒருமுறை; ஏப்ரல், அக்டோபர் மாதங்களுக்குள் கட்டினால் 5 சதவீத ஊக்கத்தொகை உண்டு. 11 மாத வாடகை ஒப்பந்தத்துக்கு எட்டாவது மாத முடிவில் குறியுங்கள், வீடு மாறுவதா தொடர்வதா என்று பேசி முடிக்க. பெற்றோர் மத்திய அரசு ஓய்வூதியர் என்றால் உயிர்வாழ் சான்றிதழ் நவம்பரில். 80 வயதைத் தாண்டியிருந்தால் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம்.

குறித்து முடித்த காகிதங்களை ஒரு வகைக்கு ஓர் உறை என்று போட்டுப் பெட்டி ஃபைலில் வையுங்கள். ஒவ்வோர் உறையிலும் இரண்டு ஜெராக்ஸ் சேர்த்துவிட்டால், அவசரத்துக்குக் கடை தேட வேண்டாம். இந்தப் படிக்கு மட்டும் இரண்டு மணி நேரம் ஆகும்.

3. தேதி உள்ளது காலண்டருக்கு, இல்லாதது நோட்டுக்கு

இனி வேலைகளுக்கு இரண்டே வீடு. அந்த நாளில் நடந்தே ஆக வேண்டியது, அந்த நாள் தவறினால் பணமோ மதிப்போ போகும் என்பது காலண்டருக்கு. மற்றதெல்லாம் நோட்டுக்கு. மூன்றாவது இடம் கிடையாது.

கூகுள் காலண்டரில் ஒவ்வொரு குறிப்புக்கும் இரண்டு அறிவிப்பு வையுங்கள்: ஒரு வாரம் முன்பு ஒன்று, அன்று காலை 8 மணிக்கு ஒன்று. முழுநாள் நிகழ்வாகப் போட்டால் அறிவிப்பு எந்த நேரத்துக்கு வருகிறது என்று பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். நள்ளிரவை ஒட்டி வரும் அறிவிப்பால் பயனில்லை. வருடா வருடம் வருவதற்கு ‘மறுபடி வரும்’ என்ற அமைப்பைப் போட்டுவிட்டால் அடுத்த வருடக் கவலையும் இல்லை. விவரப் பகுதியில் பாலிசி எண், அழைக்க வேண்டிய எண், எந்த உறையில் காகிதம் இருக்கிறது என்று எழுதுங்கள். கடவுச்சொல்லை மட்டும் எழுதாதீர்கள்.

அமைத்ததும் ஐந்து நிமிடம் கழித்து வரும்படி ஒரு பொய்க் குறிப்பு போட்டுச் சோதியுங்கள். சில கைபேசிகளில் பேட்டரி சேமிப்பு அமைப்பு, பின்னணியில் இருக்கும் செயலிகளைத் தூங்க வைத்துவிடும். அறிவிப்பு வரவில்லை என்றால் பேட்டரி அமைப்புக்குள் போய்க் காலண்டருக்கு விலக்குக் கொடுங்கள்.

அடுத்த பொறி போலித் தேதி. ‘அலமாரியை ஒழுங்கு செய்ய, சனிக்கிழமை’ என்று காலண்டரில் போடுவீர்கள். சனிக்கிழமை மணி அடிக்கும், விரலால் தள்ளிவிடுவீர்கள், ஒன்றும் கெட்டுப்போகாது. பத்து முறை இப்படித் தள்ளிப் பழகிய விரல், பதினோராவது முறை காப்பீட்டு அறிவிப்பையும் அதே வேகத்தில் தள்ளிவிடும்.

4. தலையில் இருப்பதை இறக்குங்கள்

நோட்டின் முதல் பத்துப் பக்கங்களைப் ‘பொதுப் பட்டியல்’ என்று ஒதுக்குங்கள். 45 நிமிடம் கைபேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டு, மனதில் வருவதை எல்லாம் எழுதுங்கள். வகை பிரிக்க வேண்டாம், வரிசை வேண்டாம். முதல் கால் மணி நேரத்தில் 30 வரி வரும். பிறகு வறண்டுபோன மாதிரி இருக்கும். அப்போது வீட்டுக்குள் ஒரு சுற்று நடந்துவிட்டு வாருங்கள். சொட்டும் குழாயும், ஸ்விட்ச் உடைந்த மிக்ஸியும், திருப்பிக் கொடுக்க வேண்டிய பக்கத்து வீட்டுப் பாத்திரமும் அடுத்த 20 வரியைக் கொடுக்கும். வாட்ஸ்அப்பில் நட்சத்திரம் போட்டு வைத்தவை, மின்னஞ்சலில் படிக்காதது போல் மாற்றி வைத்தவை எல்லாவற்றையும் திறந்து பார்த்து இறக்குங்கள். மொத்தம் 60 முதல் 100 வரி வந்தால் பயப்பட வேண்டாம்.

பிறகு ஒவ்வொரு வரியையும் வாசித்துப் பாருங்கள். அது வினைச்சொல்லில் முடிகிறதா? ‘பாத்ரூம் குழாய்’ என்பது பொருளின் பெயர். ‘பாத்ரூம் குழாய் சரிசெய்ய’ என்பதில் வினை வந்துவிட்டது, ஆனால் உட்கார்ந்த இடத்தில் செய்ய முடியாது. ‘மாடி வீட்டு அக்காவிடம் பிளம்பர் எண் கேட்க’ என்பதுதான் வேலை. இரண்டு நிமிடத்தில் முடியும். ‘பாஸ்போர்ட்’ என்ற வரி ஆறு மாதம் அப்படியே கிடக்கும். ‘பழைய பாஸ்போர்ட்டின் முதல், கடைசிப் பக்கங்களை ஜெராக்ஸ் எடுக்க’ என்ற வரி இன்று மாலையே அடிபடும். பட்டியலில் நாள்கணக்கில் அசையாத வரி எதுவானாலும், முதலில் அதன் கடைசிச் சொல்லைப் பாருங்கள்.

இரண்டு நிமிடத்துக்குள் முடியும் என்றால் எழுதாமலேயே முடித்துவிடுங்கள். ஆனால் இந்தச் சலுகை பட்டியல் போடும்போதும் ஞாயிறு வார ஆய்வின்போதும் (8ஆம் பகுதி) மட்டும். அலுவலகத்தில் ஒரு வேலைக்குள் மூழ்கியிருக்கும்போது வரும் இரண்டு நிமிட வேலைகளை எல்லாம் உடனுக்குடன் செய்தால், நாள் முழுதும் இரண்டு நிமிடமாகவே கரைந்துபோகும்.

5. பக்கத்தைப் பிரிக்கும் விதம்

முன்னால் பத்துப் பக்கம் பொதுப் பட்டியல். பின்னால் நான்கு பக்கம் காகிதத் தேதிகள். அதற்கு முன் எட்டுப் பக்கம் ‘காத்திருப்பு’. நாம் ஒருவரிடம் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பவை அங்கே போகும்: யாரிடம், என்ன, கேட்ட தேதி. ‘கணக்குப் பிரிவு – பயணப் படி – 12ஆம் தேதி கேட்டது’ என்று எழுதி வைத்தால், ‘போன வாரமே கேட்டேனே’ என்று இழுக்காமல் தேதியைச் சொல்லி விசாரிக்கலாம். எழுத மறந்துபோவது இந்தப் பட்டியல்தான். வந்து சேராத பணமும் திரும்பாத பொருளும் இதற்குள்தான் ஒளிந்திருக்கும்.

நடுவில் மிச்சம் 170 பக்கம். ஒரு நாளுக்கு எதிரெதிர் இரண்டு பக்கம்: வலது பக்கம் இன்றைய வேலை, இடது பக்கம் அன்று போகிற போக்கில் வருகிற குறிப்புகள். வாரம் ஆறு நாள் என்றால் ஒரு நோட்டு 14 வாரம் வரும். ஆண்டுக்கு நான்கு நோட்டு, 400 ரூபாய்.

குறியீடுகள் நான்கு போதும். வரிக்கு முன் புள்ளி: செய்ய வேண்டியது. புள்ளிமேல் டிக்: முடிந்தது. அம்புக்குறி: வேறு நாளுக்குப் போனது. குறுக்குக்கோடு: இனி வேண்டாம். நிறப் பேனாவும் ஸ்டிக்கரும் சேர்த்தால் அழகாக இருக்கும், ஆனால் பேருந்தில் நின்றுகொண்டு எழுத முடியாது.

ஒரு புதன்கிழமை வலது பக்கம் இப்படி இருக்கலாம்:

பெரியது
• விற்பனை ரிப்போர்ட்டில் 2, 3ஆம் அட்டவணைகளை முடிக்க – 1½ மணி
• புதிய விலைப் பட்டியலைச் சரிபார்த்து மேலாளருக்கு அனுப்ப – 1 மணி
• அம்மாவின் பரிசோதனை முடிவை வாங்கி டாக்டரிடம் காட்ட – 45 நிமிடம்

சின்னது
• காஸ் சிலிண்டர் பதிவு செய்ய
• வகுப்பு ஆசிரியருக்கு விடுப்புச் செய்தி அனுப்ப
• கணக்குப் பிரிவில் பயணப் படி விசாரிக்க

அவ்வளவுதான். பெரியது மூன்று, சின்னது ஐந்துக்குள்.

6. எது முதலில்

மூன்று என்ற எண் ஆசைக்காகச் சொன்னதில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். காலை 9.30 முதல் மாலை 6.30 வரை அலுவலகம், ஒன்பது மணி நேரம். சாப்பாடு, டீ ஒரு மணி. கூட்டங்கள் இரண்டு மணி. மின்னஞ்சல், தொலைபேசி, ‘ஒரு நிமிஷம் வர்றீங்களா’ எல்லாம் சேர்த்து இரண்டு மணி. திடீர் வேலைக்கு ஒரு மணி. மிச்சம் மூன்று மணி நேரம். வீட்டில் இரவு 7.30 முதல் 10.30 வரை உள்ள நேரத்தில் சமையல், சாப்பாடு, பிள்ளையின் வீட்டுப்பாடம் போக 45 நிமிடம் தேறும். ஆக, உங்கள் கையில் இருப்பது மூன்றே முக்கால் மணி நேரம். மேலே உள்ள மூன்று பெரிய வேலைக்கு மூன்றேகால் மணி. நான்காவது பெரிய வேலைக்கு இடமே இல்லை. பதினான்கு வரி எழுதிவிட்டு ஆறு முடித்தால் சோம்பேறித்தனம் என்று தோன்றும். அது கணக்கில் வந்த பிழை.

உங்கள் நாளின் எண்கள் வேறாக இருக்கும். ஒரு வாரம் இடது பக்கத்தில் மணிக்கு ஒருமுறை என்ன செய்தீர்கள் என்று ஒரு சொல் எழுதிவந்தால் உங்கள் மிச்ச நேரம் தெரிந்துவிடும். ஒரு வாரத்துக்கு மேல் அதைச் செய்யாதீர்கள், அலுத்துவிடும்.

நேர மதிப்பீட்டில் எல்லோரும் குறைவாகவே போடுகிறோம். பழகிய வேலைக்கு நினைத்ததைப் போல் ஒன்றரை மடங்கு போடுங்கள். முதல்முறை செய்யும் வேலைக்கு இரண்டு மடங்கு. நேரில் போக வேண்டிய அரசு அலுவலக வேலை என்றால் மணிக்கணக்கே வேண்டாம், அரை நாள் விடுப்பு என்று எழுதிவிடுங்கள். அதற்கு முதல் நாள் இரவு ஓர் உறை தயார் செய்ய வேண்டும்: அசல், இரண்டு ஜெராக்ஸ், பாஸ்போர்ட் அளவு புகைப்படம் நான்கு, விண்ணப்ப எண், பேனா, சில்லறை. இதில் ஒன்று குறைந்தாலும் அரை நாள் விடுப்பு இரண்டாகும்.

எந்த மூன்று? அவசரம் வேறு, அவசியம் வேறு. அவசரம் சத்தம் போடும், அவசியம் சத்தம் போடாது. ஒலிக்கும் தொலைபேசி அவசரம்; வருடக்கணக்காகத் தள்ளிப்போகும் ரத்த அழுத்தப் பரிசோதனை அவசியம். பட்டியலைப் பார்த்து மூன்று கேள்வி கேளுங்கள். இன்று செய்யாவிட்டால் பணம் போகுமா? இது முடியாததால் யாராவது கை கட்டி உட்கார்ந்திருக்கிறார்களா? தள்ளிப்போட்டால் இது பெரிதாகுமா? சொட்டும் குழாய் பெரிதாகும், கலைந்த அலமாரி அப்படியே இருக்கும். இரண்டு கேள்விக்கு ‘ஆம்’ வந்தால் அது இன்றைய மூன்றில் ஒன்று. எதற்கும் ‘ஆம்’ வராத வரி பொதுப் பட்டியலிலேயே கிடக்கட்டும்.

ஒரு நிபந்தனை: மூன்றில் ஒன்றாவது சத்தம் போடாத வேலையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மாதம் முழுதும் பிறருடைய அவசரங்களையே முடித்துக்கொண்டிருப்போம்.

7. அன்றாடம்

இன்றைய பக்கத்தை முந்தின இரவே எழுதுங்கள், பத்து நிமிடம். காலையில் எழுத நினைத்தால் கைபேசி முந்திக்கொள்ளும். இரவில் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: இன்று முடிந்தவற்றுக்கு டிக், இடது பக்கக் குறிப்புகளைப் பொதுப் பட்டியலுக்கோ காலண்டருக்கோ மாற்றுவது, நாளைக்கான காலண்டரைப் பார்த்துவிட்டு மூன்றைத் தேர்ந்தெடுப்பது.

வாட்ஸ்அப்பில் வரும் வேலைக்குத் தனி ஒழுங்கு வேண்டும். காலை 11, மதியம் 2.30, மாலை 5.30 என மூன்று நேரம் வைத்து, அப்போது மட்டும் செய்திகளை வாசித்து, வேலையாக இருப்பதை நோட்டுக்கு இறக்குங்கள். மேலாளரின் எண்ணுக்கு மட்டும் தனி ஒலி வைத்துக்கொண்டால் பயமும் இருக்காது. குரல் செய்தியில் வரும் வேலை இன்னும் மோசம். பின்னால் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. கேட்கும்போதே எழுதிவிட வேண்டும்.

யாராவது நேரில் வந்து வேலை சொன்னால், அவர் முன்னாலேயே நோட்டைத் திறந்து எழுதி, ‘எப்போ வேணும்?’ என்று கேளுங்கள். பாதிப் பேர் ‘அவசரமில்ல, அடுத்த வாரம் பார்த்துக்கலாம்’ என்பார்கள். கேட்காமல் விட்டிருந்தால் அதையும் இன்றே என்று எடுத்துக்கொண்டிருப்போம்.

மேலாளரே நான்காவது பெரிய வேலையைக் கொண்டுவந்தால்? முடியாது என்று சொல்ல வேண்டியதில்லை. நோட்டைக் காட்டி, ‘சார், இதை இன்னைக்கு முடிக்கணும்னா ரிப்போர்ட் நாளைக்குத்தான் வரும். எதை முதல்ல பார்க்கட்டும்?’ என்று கேளுங்கள். எது தள்ளிப்போகலாம் என்று முடிவு செய்யும் பொறுப்பு அவரிடம் போய்விடும். இந்தக் கேள்வி கையில் பட்டியல் இருந்தால்தான் எடுபடும். வெறுங்கையோடு கேட்டால் சாக்குச் சொல்வது போல இருக்கும்.

வீட்டு வேலைகளில் பாதி உங்களுடையது மட்டுமாக இருக்காது. கணவன் மனைவி இருவரும் பார்க்கும்படி காலண்டரைப் பகிர்ந்துகொள்ளுங்கள். நோட்டைப் பகிர வேண்டாம். மளிகைப் பட்டியல் சமையலறையிலேயே ஒரு தாளில் இருக்கட்டும். தீர்ந்துபோனது தெரிவது அங்கேதான்.

8. ஞாயிறு மாலை 40 நிமிடம்

இந்த ஒன்று தவறினால் மற்றதெல்லாம் மூன்று வாரத்தில் சரிந்துவிடும். நேரத்தை மாற்றாதீர்கள். ஞாயிறு மாலை 4.30 முதல் 6 வரை ராகு காலம். புதிதாக எதையும் தொடங்காதே என்று வீட்டில் சொல்வார்கள். பழைய கணக்குப் பார்க்க யாரும் தடை சொல்வதில்லை. எப்படியும் வெளியே கிளம்பாத நேரம் என்பதால் தோதாக இருக்கும்.

முதல் 10 நிமிடம்: கைப்பை, சட்டைப்பை, மேசை இழுப்பறை, வாட்ஸ்அப் நட்சத்திரங்கள், எல்லாவற்றையும் காலி செய்து நோட்டுக்கு ஏற்றுங்கள். அடுத்த 10: காலண்டரில் வரும் மூன்று வாரங்களைப் பாருங்கள். வெள்ளிக்கிழமை திருமணத்துக்கு ஊருக்குப் போக வேண்டும் என்றால் மொய்க் கவரும் பயண டிக்கெட்டும் இந்த வாரத்து வேலை. அடுத்த 5: காத்திருப்புப் பட்டியலில் ஒரு வாரம் தாண்டியவர்களுக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். மிச்ச 15 நிமிடம் பொதுப் பட்டியலுக்கு.

பொதுப் பட்டியலில் கவனிக்க வேண்டியது மூன்று முறை அம்புக்குறி வாங்கிய வரி. அதை நான்காவது முறை தள்ளாதீர்கள். வரி பெரிதாக இருக்கிறதா? உடைத்து முதல் துண்டை எழுதுங்கள். தகவல் ஏதோ குறைகிறதா? அந்தத் தகவலைக் கேட்பதுதான் வேலை. வேறொருவர் செய்யலாமா? கொடுத்துவிட்டுக் காத்திருப்பில் எழுதுங்கள். இது எதுவும் இல்லை என்றால் உங்களுக்கு அதைச் செய்ய விருப்பமில்லை. குறுக்குக்கோடு போடுங்கள். ‘கிடார் கற்க’ என்ற வரி பட்டியலில் இருந்து போனதால் யாருக்கும் நஷ்டமில்லை.

முடிந்ததும் திறந்திருக்கும் பக்கங்களைக் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். நோட்டு பேருந்தில் தொலைந்தால் ஒரு வாரத்து வரிகளோடு போகும், மூன்று மாதத்தோடு போகாது.

9. அறுந்துபோனால்

அறுந்துபோகும். காய்ச்சல், பொங்கல் விடுமுறை, மார்ச் மாதக் கணக்கு முடிப்பு, ஏதோ ஒன்றில் பத்து நாள் நோட்டைத் திறக்கவே மாட்டீர்கள். அப்போது எல்லோரும் செய்யும் தவறு, விட்டுப்போன பத்து நாளையும் எழுதி நிரப்பப் பார்ப்பது. வேண்டாம். புதுப் பக்கத்தில் இன்றைய தேதி போட்டு, காலண்டரைப் பார்த்து, மூன்று வரி எழுதுங்கள். 40 நிமிட ஆய்வை அடுத்த ஞாயிறு வரை காத்திருக்காமல் அன்று மாலையே செய்தால் பத்து நாள் இடைவெளி அடைபட்டுவிடும்.

செயலிக்கு மாறலாமா என்ற கேள்வி முதல் நோட்டு முடியும்போது வரட்டும். உங்கள் வேலைகளில் பாதிக்கு மேல் பிறரோடு பகிர வேண்டியது, அல்லது வாரம் தவறாமல் திரும்பத் திரும்ப வருவது என்றால் மாறுங்கள். திரும்பத் திரும்ப வருவதற்குக் கூகுள் டாஸ்க்ஸ் போதும்; இலவசம், காலண்டரோடு சேர்ந்தே வருகிறது. இல்லாவிட்டால் இன்னொரு நோட்டு.

புது நோட்டுக்குப் போகும்போது முடியாத வரிகளைப் படம் எடுத்து ஒட்டாதீர்கள், கையாலேயே எழுதுங்கள். 50 வரி எழுத 20 நிமிடம் ஆகும். எழுதக் கை சலிக்கும் வரி எதுவோ அதைப் பழைய நோட்டிலேயே விட்டுவிடுங்கள். காகிதத் தேதிகளின் நான்கு பக்கங்களை மட்டும் ஒன்று விடாமல் பார்த்தெழுதி, ஒவ்வொரு தேதியையும் அசல் காகிதத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.